சத்தத்தில் மிதந்த பரிசல்

மூங்கிப்பள்ளம் அணைக்குக் கீழ, குழந்தைவேலு டீக்கடை முன்னால பாவாயி மொபெட்டை நிறுத்தினப்போ மணி ஏழே கால். உள்ள இருந்து சென்னியப்பன் குரல் கேட்டுச்சு. அந்த மனுசன் இந்நேரம் இருக்க வேண்டிய இடம் அணை மேல. ஷட்டர் ஏத்தி எறக்குற லஸ்கர் அவர்தான்.

விஷயம் இதுதான். அணையில தண்ணி விட்டா, ஒம்போது மைல் கீழ இருக்குற பரிசல் துறைக்கு வந்து சேர ரெண்டே கால் மணி நேரம் ஆகும். பத்து மணிக்குப் பரிசல் ஓடோணும்னா ஏழே முக்காலுக்கு ஷட்டர் ஏறியாகணும். போன ஞாயித்துக்கெழமை சென்னியப்பன் என்ன பண்ணினார்? பத்து மணிப் பரிசலுக்குப் பத்து மணிக்குத்தான் திறந்தார். பன்னெண்டே காலுக்குத் தண்ணி நுரை தள்ளிக்கிட்டு வந்தப்போ துறையில மனுச வாடையே இல்லை. சவாரிக்கு வந்த சனமெல்லாம் வெயில்ல காஞ்சு கருவாடாகி, வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வண்டியேறிருச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பரிசல் சவாரிக்கே அனுமதி கெடையாதுன்னு மேலதிகாரிங்க கண்டிசனாச் சொல்லிட்டாங்க. இன்னிக்குத் திருப்பூர்ல இருந்து ரெண்டு பஸ்ஸு வருது. பரிசல்காரங்க சங்கத்துத் தலைவி பாவாயி. பன்னெண்டு குடும்பத்துப் பொழப்பு அவ தலைமேல.

"ஏனுங்ண்ணா, நேரமாச்சுங்க. எந்திரிங்க," என்றாள்.

"சித்தெ இரு அம்முணி. பேசிட்டிருக்கம்ல," என்று சென்னியப்பன் கையமர்த்தினார்.

குழந்தைவேலு டீ ஆத்துற சாக்குல பக்கத்துல வந்து காதைக் கடிச்சான். "பாதியில எழுப்பிராதீங்கக்கா. அப்பறம் இன்னிக்குப் பூராம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்துக்குவாரு. அவரு சொல்றதுக்கு மேல ஒருத்தரு சொல்லோணும், அப்பத்தான் வாய் மூடும். அப்படி ஒரு ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துல இன்னும் பொறக்கல."

பாவாயி பல்லைக் கடிச்சுக்கிட்டு பெஞ்சு நுனியில உக்காந்தாள்.

"எங்க உட்டேன்? ஆங்! எனக்கு மீட்டரும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். ஷட்டர் வாயில சுண்டு விரலை வெச்சன்னா, ஒம்போது மைல் கீழ எந்தப் பரிசல்ல எத்தனை பேரு, அதுல எவன் நீச்சல் தெரியாமப் பயந்துட்டு உக்காந்திருக்கான்னு சொல்லிருவேன். ஒருக்கா கோயமுத்தூர்ல இருந்து ஒரு மில்லுக்காரரு குடும்பத்தோட வந்தாரு. புள்ளைங்களுக்கு அலை வேணுமாம், அந்தம்மாவுக்கு அலையே ஆகாதாம். நான் என்ன பண்ணினேன்? இடது ஷட்டரை முழுசா ஏத்தினேன். வலது ஷட்டரை ஒரு தபால் கார்டு கனத்துக்கு ஏத்தினேன். ஆறு பாதி ஓடுது, பாதி நடக்குது! நடுவுல வகிடு எடுத்தாப்புல ஒரு கோடு. மீனெல்லாம் அந்தக் கோட்டுக்கிட்ட நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் கடந்துச்சு."

"மீனு கை காட்டுச்சுங்களா?" என்றார் பால்காரர் பொன்னான், தூக்குப்போசியை மடியில வெச்சுக்கிட்டு.

"மீனுக்கு ஏதுப்பா கையி? பேசறதுல ஒரு நாயம் வேண்டாம்? வாலைத்தான் காட்டுச்சு."

மணி ஏழு இருவத்தஞ்சு. பாவாயி தொண்டையைக் கனைச்சாள். சென்னியப்பன் திரும்பிக்கூடப் பாக்கலை.

"அதே மில்லுக்காரரு பரிசலு, எறங்க வேண்டிய துறையத் தாண்டிப் போயிருச்சு. மூணு மைலு! போன் மேல போனு, லஸ்கரு காப்பாத்துங்கன்னு. நான் பதறல. ஷட்டரைச் சடார்னு எறக்கினேன். எறக்குன வேகத்துல ஓடுன தண்ணிக்கு மூச்சு முட்டிப்போச்சு. நின்னுச்சு. திரும்புச்சு. வந்த வழியே மேல ஏறி, பரிசலைத் துறையில எறக்கி உட்டுட்டு அணைக்குள்ள போயிருச்சு. சும்மாவா வந்துச்சு? கீழ்க்கரையில எவளோ தொவைக்கப் போட்ட சேலை ஒண்ணு, ஒரு சோப்புப் பொட்டி, ஒத்தைச் செருப்பு, எல்லாத்தையும் கொண்டாந்து என்ற காலடியில வெச்சுச்சு."

"செருப்பு உங்க காலுக்குச் சேந்துச்சுங்களா?"

"சேரல. மறுநாள் தண்ணியிலயே திருப்பி அனுப்பிட்டேன். அடுத்தவங்க பொருளு நமக்கெதுக்கு?"

கடையே சிரிச்சுது. பாவாயிக்குச் சிரிப்பு வரலை. திருப்பூர் பஸ்ஸு இந்நேரம் கெளம்பியிருக்கும். துறையில பதினோரு பரிசல்காரங்க வத்துன மணலைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. 'அக்கா போயிருக்குது, தண்ணி வந்துரும்'னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. நினைக்கறப்பவே அவளுக்கு ஆத்திரமா வந்துச்சு.

"இதெல்லாம் தண்ணி இருந்தப்ப," என்று சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "தண்ணியே இல்லாம பரிசல் ஓட்டுனது தெரியுமா? நாலு வருசத்துக்கு முந்தி, சித்திரை மாசம். அணையில கொக்கு நிக்கக்கூட ஈரமில்லை. சவாரிக்கு எரநூறு பேரு வந்து நிக்கறாங்க. ஏமாத்தி அனுப்பலாமா? யோசிச்சேன். முப்பது வருசமா அந்த மதகுக் குகைக்குள்ள தண்ணி போட்ட சத்தமெல்லாம் எங்க போயிருக்கும்? உள்ளயேதான இருக்கோணும்? ஷட்டரைத் தொறந்தேன். பொளபொளன்னு சத்தம் வந்துச்சு பாரு! வெறும் சத்தம்! ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. பன்னெண்டு பரிசலும் அந்தச் சத்தத்து மேலயே மெதந்து போச்சு. கரையேறுன சனம் சட்டையப் புழிஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போச்சு!"

பொன்னான் தூக்குப்போசியைக் கீழ வெச்சுட்டுக் கும்பிட்டார். குழந்தைவேலு டீ ஆத்துறதை நிறுத்திட்டான். மணி ஏழு முப்பத்தஞ்சு. சென்னியப்பன் கண்ணு மின்னுது. அடுத்ததுக்கு மூச்சு இழுத்தார்.

பாவாயி எழுந்து நின்னாள். பொய் சொன்னா நாக்கு அழுகிரும்னு நம்பி வளந்தவ அவ. இன்னிக்கு அழுகினா அழுகட்டும்னு வாயைத் திறந்தாள்.

"நெசந்தானுங்ண்ணா. அந்தச் சத்தத்து மேல நானும் பரிசல் ஓட்டியிருக்கேன். ஆனா போன ஞாயித்துக்கெழமை அதுகூட வரலீங்களே. பத்து மணிக்கு என்ற பரிசல்ல ஒரு பொண்ணும் பையனும் ஏறுனாங்க. பொண்ணு பாக்கற எடம். ரெண்டு வீட்டாரும் கரையில நிக்கறாங்க. தண்ணி வரட்டும்னு காத்திருந்தோம். காத்திருக்கறப்பவே ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு. பரிசல்லயே வெத்தலை பாக்கு மாத்துனாங்க."

"அட!" என்றார் பொன்னான்.

"தண்ணி வரல. முகூர்த்தம் தவறிரக் கூடாதுன்னு தாலியும் பரிசல்லயே கட்டியாச்சு. பந்தி மட்டும் மணல்ல. இன்னும் தண்ணி வரல. பரிசல் பின்னுன மூங்கில் இருக்குது பாருங்க, அது நின்ன எடத்துலயே வேரு உட்டுத் துளுத்துருச்சு."

"தண்ணியில்லாமத் துளுக்குமா அம்முணி?" சென்னியப்பன் மடக்கினார்.

"பன்னெண்டு குடும்பம் அழுதிருக்குதுங்ண்ணா. அந்தக் கண்ணீர் போதாதுங்களா?" அவ குரல் அந்த எடத்துல கொஞ்சம் உடைஞ்சுது. அது புளுகில்லைன்னு கடையில எல்லாருக்கும் தெரிஞ்சுது. தொடர்ந்தாள். "மூங்கில் பொதராச்சு. வளைகாப்புக்கு வந்த ஒறம்பரை சனத்துக்கெல்லாம் அந்த நெழல்லதான் பாய் போட்டோம். புள்ளை பொறந்துச்சு. அந்த மூங்கில்லயே தூளி கட்டியிருக்குது."

சென்னியப்பன் வாய் பாதி திறந்தபடி நின்னுச்சு. அதுக்கு மேல வைக்க எதையோ தேடறார்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. கடைசியில கேட்டார்: "புள்ளைக்குப் பேரு என்ன வெச்சாங்க?"

"எங்கீங்க வெக்கறது? தலைக்கு ஊத்தித்தானுங்களே பேரு வெக்கோணும். நீங்க தண்ணி உடுவீங்கன்னு காத்துக்கிட்டு அது இன்னும் பொறந்த அழுக்கோடயே கெடக்குதுங்க."

சென்னியப்பன் டீ கிளாஸை வெச்சார். துண்டை உதறித் தோள்ல போட்டார். அணைப் படிக்கட்டுல ரெண்டு ரெண்டு படியா ஏறினார்.