தண்ணீருக்கு வந்தவள்

செங்கொடி சண்டை போட்டு வாங்கிய அறை அது.

விருந்தினர் மாளிகைக்கு இடம் உண்டு, ரோஜாத் தோட்டத்துக்கு இடம் உண்டு, மனசு சரியில்லாத பிள்ளை உட்கார இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி கிடையாதா என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாமல் கொடுத்தார்கள். கேன்டீனுக்கு நேர் எதிரே, முன்கூடமும் உள்ளறையுமாக நல்ல இடம். ‘மனநல ஆலோசனை மையம்’ என்று முழ நீள எழுத்தில் பலகை எழுதி மாட்டியதும் அவளேதான்.

உள்ளறையில் ஆலோசகர் பர்வீன் காலையில் வந்து உட்காருவார். மாலையில் எழுந்து போவார். ஒரு ஈ காக்கைகூட நுழையவில்லை.

“தேர்வு வரைக்கும் பார்ப்பேன். யாரும் வரலேன்னா பூட்டிடுவேன். பட்டமளிப்பு விழா நாற்காலியெல்லாம் வெயில்ல கிடக்குது” என்றார் பதிவாளர்.

அறை போகிறதே என்பது பாதிக் கவலைதான். விடுதியில் செங்கொடியோடு தங்கியிருந்த மாரிக்கனி கொஞ்ச காலமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். வகுப்பு இல்லை, குளியல் இல்லை. தட்டில் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. பர்வீன் அக்காவிடம் ஒரு தடவை போய் வாடி என்றால், “நான் என்ன பைத்தியமா?” என்று இன்னும் சுருண்டுகொள்வாள்.

செங்கொடியின் ஆய்வு நெறியாளர் ஜெபமணி, தத்துவத் துறைப் பேராசிரியை. சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியது. ஊன்றுகோலோடு நடப்பார். செங்கொடி ஒரு பக்கம் பேசினால் அவர் ஒரு வரி பேசுவார்.

“மருந்து வாசல்லயே இருக்கு மேடம். நோயாளி எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறா. என்னதான் செய்யணும்?”

“நீ உள்ளே போயிருக்கியா?”

“நானா? எனக்கென்ன வந்துச்சு?”

“ஒண்ணும் இல்லாதவங்க போகக் கூடாதா?”

“யார் சொன்னா? தாராளமாப் போகலாம்!”

“போயிட்டு வா.”

மதிய இடைவேளையில் போனாள். கேன்டீன் வராந்தா நிறையப் பையன்கள்.

“என்ன தோழர், புரட்சி முத்திப்போச்சா?”

“காதல் தோல்வின்னு எங்ககிட்டச் சொல்லவே இல்லையே தோழர்!”

வாசல் வரை போனவள், பலகையைத் தூசி தட்ட வந்தவள் போலத் துப்பட்டா நுனியால் நாலு துடை துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

“இந்தப் பசங்களுக்கு விழிப்புணர்வே கிடையாது மேடம். உடனே ஒரு கருத்தரங்கு வைக்கணும்.”

“உள்ளே போனியா?”

“வாசல் வரைக்கும்.”

“விழிப்புணர்வு உள்ளவ நீ.”

செங்கொடிக்குக் காது மடல் சுட்டது.

ஜெபமணி ஜன்னல் வழியே நூலகத்தைக் காட்டினார். “அந்தச் சாய்தளம் தெரியுதா? எனக்காகக் கட்டினது. ‘மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்’னு பலகையும் வச்சாங்க. ஒரு வருஷம் நான் படியிலதான் ஏறினேன்.”

“ஏன் மேடம்? அது உங்க உரிமை!”

“உரிமைதான்.”

“அப்புறம்?”

“ஜெராக்ஸ் கடை சுடலைமுத்து பேப்பர்க் கட்டுகளைத் தள்ளுவண்டியில வச்சு அந்த வழியா ஏத்த ஆரம்பிச்சார். அவர் பின்னால பசங்க சைக்கிள். சைக்கிள் பின்னால நான்.”

“பலகையை எடுத்துட்டாங்களா?”

“இருக்கு. யார் படிக்கிறா?”

மறுநாள் ஜெபமணி சொல்லி, மையத்தின் முன்கூடத்தில் மணல் கொட்டி ஒரு பானையை வைத்தார்கள். வயிறு பெருத்த மண்பானை, அடியில் குழாய், உள்ளே வெட்டிவேர். அந்த வளாகத்தில் குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் விருந்தினர் மாளிகைக்கு மட்டும் வந்தது. மற்றவர்கள் கேன்டீனில் பாட்டில் வாங்கிக் குடிக்க, காலிப் பாட்டில்கள் வேலியோரம் மலைபோலக் கிடந்தன. ஜெபமணி யாரிடம் என்ன பேசினாரோ, நல்ல தண்ணீர் தினமும் ஒரு வண்டி இங்கே வந்து இறங்கியது.

செங்கொடி விடுவாளா?

“மேடம், இது ஆலோசனை மையம். தண்ணீர்ப் பந்தல் இல்லை.”

“ஆமா.”

“அழுதுக்கிட்டு ஒருத்தி வர்றான்னு வைங்க. இத்தனை பேர் முன்னாடி எப்படி வருவா?”

“உள்ளறைக்குக் கதவு இருக்கே.”

“அப்போ பலகையையாவது கழற்றிடுவோம்.”

“எதுக்கு? எழுத்து நல்லா இருக்கு.”

கிண்டல் செய்த பையன்கள்தான் பாட்டிலோடு முதலில் வந்தார்கள். அப்புறம் ஊரே வந்தது. பேராசிரியர்கள் வந்தார்கள், தோட்ட வேலைக்காரர்கள் வந்தார்கள். மணலில் உட்கார்ந்து கதை பேசினார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, “அக்கா, சாப்பிட்டாச்சா?” என்று பர்வீனைக் கேட்டார்கள். யார் எத்தனை நேரம் இருந்தார்கள் என்று எவரும் பார்க்கவில்லை.

ஒரு பிற்பகலில் மாரிக்கனி எழுந்து உட்கார்ந்தாள். “பாட்டில்ல தண்ணி தீர்ந்துபோச்சு” என்றாள்.

செங்கொடி புத்திமதி சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

மாரிக்கனி எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள். செங்கொடி கொஞ்ச தூரம் விட்டுப் பின்னால் போனாள். முன்கூடத்துக் கூட்டத்தில் மாரிக்கனி மறைந்தாள். உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது.

ஜெபமணி வாசலில் ஊன்றுகோலோடு நின்றார். செங்கொடியும் பக்கத்தில் போய் நின்றாள். ரொம்ப நேரம் கதவு திறக்கவில்லை.

தேர்வும் வந்துவிட்டிருந்தது. பதிவாளர் சொன்ன சொல் மாறாமல் வந்தார். பின்னால் வந்த ஊழியர் கையில் பூட்டு.

“தண்ணி குடிக்க வர்றவங்களை விடுங்க. ஆலோசனைக்குன்னு வந்த ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. இந்த அறையை நான் தொடவே மாட்டேன்.”

அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. மாரிக்கனி வெளியே வந்தாள். இமை வீங்கியிருந்தது, முகம் கழுவினது போலத் தெளிந்திருந்தது. பாட்டில் அவள் விரலில் தொங்கி ஆடியது. நிறைந்த பாட்டில் அப்படி ஆடாது.

“இந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சு?” என்றார் பதிவாளர்.

எந்த வாதத்திலும் செங்கொடி தோற்றதில்லை. ஜெயிக்க வேண்டிய பதில் நாக்கு நுனியில் இருந்தது. வரிசையில் நின்றவர்களெல்லாம் அவள் வாயைப் பார்த்தார்கள். மாரிக்கனியும் பார்த்தாள்.

“தண்ணிக்கு வந்தா, சார்” என்றாள் செங்கொடி.

பதிவாளர் பாட்டிலைப் பார்த்தார். தனக்குப் பின்னால் தெருவரை நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார்.

“குடிதண்ணியைப் பூட்டினா என்னை ஊருக்குள்ள விடமாட்டானுக” என்று முணுமுணுத்து, பூட்டைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். போகும்போது ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போனார்.

செங்கொடி ஜெபமணியின் காதோரம் குனிந்தாள். “மேடம், இதுவரைக்கும் எத்தனையோ சண்டை போட்டிருக்கேன். பொய் சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்லிட்டேன்.”

ஜெபமணி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். மாரிக்கனியின் விரலிலிருந்து பாட்டிலை வாங்கிக் குழாயடியில் பிடித்தார். கழுத்து வரை நிறைந்ததும் மூடியைத் திருகி அவள் கையில் கொடுத்தார்.

மாரிக்கனி விடுதிப் பக்கம் நடந்தாள்.

“எங்கே பொய்?” என்றார் ஜெபமணி.