பதினோரு பொன்னாடை

"அம்மா, பொட்டி குளிரல."

சிவசைலம் வந்து நின்னாரு. வயசு அறுபத்திரண்டு. துணைத் தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு.

கோமதியம்மாவுக்கு நாப்பதுதான். ஆனா அந்த ஆசிரமத்துல அவங்கதான் குரு. இவருதான் சீடர்.

"எந்தப் பொட்டி அண்ணாச்சி?"

"குட்டி ஃபிரிட்ஜ். பேச்சித்தாயோட இன்சுலின் வச்சிருக்கமே, அது."

பேச்சித்தாய்தான் அங்க சமையல். கத்திரி வெயில் வேற. ஃபிரிட்ஜ் இல்லன்னா மருந்து கெட்டுரும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன், அதுக்கப்புறம் மக வீட்டுக்கு பஸ் ஏறிருவேன்னு சொல்லிட்டா.

அவ போயிட்டா சிவசைலம்தான் ரசம் வைக்கணும்.

போன மாசம் ஒருநா வச்சாரு. ஆசிரமத்து நாய் இன்னைக்கும் அவரக் கண்டா சுத்திதான் போகுது.

"மருந்து இப்ப எங்க இருக்கு?"

"டப்பாவுல போட்டு, ஈர மண்பானைக்குள்ள வச்சிருக்கா."

"சரி. நீங்க என்ன செஞ்சிய?"

"விசாரண நடத்துனேன்."

மடியிலருந்து ஒரு தாள எடுத்தாரு. தொண்டையச் செருமுனாரு.

"பிளக் சரி. கரண்டு சரி, உள்ள லைட்டு எரியுது. குளிரு கூட்டுற திருகு ஏழுல வச்சாச்சு. கதவு இடுக்குல தாள வச்சு இழுத்துப் பாத்தேன், வரல. அதனால கதவு நிரபராதி. ஐஸ உருக்கித் தொடச்சு, மறுபடி போட்டும் பாத்தாச்சு. கடைசியா பேச்சித்தாய்கிட்ட விளக்கம் கேட்டேன்."

அடுப்பங்கரையிலருந்து சத்தம் வந்துச்சு.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ கதவத் தொறக்கன்னு எழுதித் தரணுமாம்மா! ரெண்டு நகலாம்! தாசில்தார் ஐயா கேக்காக!"

அம்மா சிரிப்ப அடக்கிக்கிட்டாங்க.

"குடுத்தாளா?"

"ரேகை வச்சா. மாவுக் கையோட."

"முடிவு?"

"தப்பு பூரா ஃபிரிட்ஜ் மேலதான். ராப்பகலா ஓடுது, ஒத்துழைக்க மட்டும் மாட்டேங்கு." தாள மடிச்சாரு. குரல் எறங்குச்சு. "என் கதையும் அதான் அம்மா. ஏழு மாசமா கண்ண மூடி உக்காருதேன். மனசு கொதிக்கே தவிர, குளிரல."

"மொதல்ல பொட்டியப் பாப்போம்."

போனாங்க.

ஃபிரிட்ஜ் மூலையில கல்யாண மாப்பிள்ள மாதிரி நின்னுச்சு. செவப்பு, பச்ச, ஊதா, பூரா சரிகை. கதவு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது.

விசயம் இதுதான். வாரவுக எல்லாம் அம்மாவுக்குப் பொன்னாடை போடுவாக. அவுக படி எறங்குறதுக்குள்ள அம்மா அதக் கழட்டிப் பாயில போட்டுருவாங்க. சிவசைலத்துக்கு அது தாங்காது. முப்பத்தஞ்சு வருச சர்வீஸ். பொன்னாடையோட மதிப்பு அவருக்குத் தெரியும். ஒவ்வொண்ணா எடுத்து, மடிச்சு, ஃபிரிட்ஜ் மேல போத்தி, ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு, பின்னால சொருகி, நழுவாம இருக்க செவுத்தோட நெருக்கித் தள்ளி வச்சிருந்தாரு.

ங்ங்ங்ங்ங்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு அது.

ஃபிரிட்ஜ் மேல கிடந்த ஒரு பொன்னாடைய அம்மா உருவுனாங்க. சிவசைலம் தோள்ல போத்துனாங்க.

அவரு அப்படியே உருகிட்டாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. "அம்மா கையால! போதும் அம்மா, இந்த ஜென்மத்துக்குப் போதும்!"

ரெண்டாவது போத்துனாங்க.

மூணாவது.

"பேச்சித்தாய்! இங்க வந்து பாரு! இந்த மரியாத யாருக்கு நடக்குன்னு பாரு!"

அஞ்சாவதுல நெத்தி வேர்த்துச்சு. ஏழாவதுல மூக்கு நுனியில சொட்டுச்சு.

"அம்மா…"

"என்ன அண்ணாச்சி?"

"பெருமையாதான் இருக்கு."

எட்டாவது.

"ஆனா…"

ஒம்பதாவது.

"வேகுது அம்மா!"

பத்து. பதினொண்ணு.

ஃபிரிட்ஜ் வெறும் மேனியா நின்னுச்சு. அம்மா அத ஒரு முழம் முன்னால இழுத்தாங்க. சிவசைலத்தோட கையப் பிடிச்சு அதோட முதுகுல வச்சாங்க.

"ஆத்தீ! கொதிக்கு!"

"உள்ள இருக்க சூட்ட இந்த வழியாத்தான் அண்ணாச்சி வெளிய தள்ளும்."

சிவசைலம் ஃபிரிட்ஜப் பாத்தாரு. தன்னப் பாத்தாரு.

"அப்ப இத்தன நாளா இது…"

"ஒத்துழைச்சுக்கிட்டுதான் இருந்திருக்கு."

சொல்லிட்டு அம்மா செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாங்க. வாசல்ல திரும்பிப் பாத்தாங்க.

"போட்டது நானு. கழட்டுறது நீங்க."

சிவசைலம் ஒவ்வொண்ணா கழட்டுனாரு. கொடியில போட்டாரு. விசாரணத் தாளால விசிறிக்கிட்டே ஃபிரிட்ஜ் பக்கத்துல தரையில உக்காந்தாரு. அதுக்கு ஒரு விசிறு, தனக்கு ஒரு விசிறு.

ரெண்டு மணி நேரம் ஆச்சு.

ங்ங்ங்ங்… டக்.

நின்னுருச்சு. ஓடி ஓடிக் களைச்சது, மூச்சு விட்டுச்சு.

பேச்சித்தாய் ஓடியாந்தா. கதவத் தொறந்து கைய உள்ள விட்டா. மொகமெல்லாம் பல்லு.

"ஜில்லுன்னு இருக்கு! தாசில்தார் ஐயா, கைய வச்சுப் பாருங்க, தாசில்தார் ஐயா!"

சிவசைலம் விசிறுறத நிறுத்துனாரு. கொடியில கிடந்த பொன்னாடைகளப் பாத்தாரு.

"பேச்சித்தாய், அண்ணாச்சின்னு மட்டும் கூப்பிடு."

"ஏன் ஐயா?"

"அந்த தாசில்தாரு," ன்னாரு. "அதுவும் வேகுது."