கொசுத்தேனீ கழற்றிக் கொடுத்த கொடுக்கு

மரமும் பூச்சியும் ஆடுமாடும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கருவேல மரத்துக்கு முள் கிடையாது. கொசுத்தேனீக்கோ கொடுக்கு இருந்தது. எறும்பு அளவுதான் இருக்கும். கொட்டினால் ஆள் துள்ளிவிடுவான்.

அப்போது சடைச்சி என்று ஒருத்தி, பன்னிரண்டு வெள்ளாடுகளோடு மற்ற ஆட்டுக்காரர்கள் கூட்டத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் போய், ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட்டுத் திரிந்தாள். ஒரு கோடையில் அவளுக்கு ஈறு வீங்கியது. கூழ் குடித்தாலே ரத்தம் கசிந்தது. வாய் நாறியது. கஞ்சி வேளையில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய்த் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசிப் பார்த்தாள். பிறகு பேச்சையே விட்டுவிட்டாள்.

கடைசியில் அவளுடைய மூத்த கிடாயே, "கோவிச்சுக்காதக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிடு, வந்துர்றேன்" என்றது.

அன்றைக்கே கூட்டத்தை விட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனாள். அங்கே ஒற்றைக் கருவேலம் நின்றது. அதன் பொந்தில் கொசுத்தேனீக்கள் குடியிருந்தன. மரத்தடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

"ஏ புள்ள," என்றது மரம். "எங் குச்சிய ஒடிச்சு மென்னு பல்லு வெளக்கு. பட்டையக் காய்ச்சிக் கொப்புளி. பொறவு பொந்துக்காரிகிட்டக் கேட்டு ஈறுல தேனத் தடவு. நாப்பத்தெட்டு நாளு விடாமச் செஞ்சா வீக்கம் வத்தும். அதுவரைக்கும் நான் இருக்கணும். ஒன் ஆடுகளப் பாரு."

ஆடுகள் அடிமரப் பட்டையை உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தன.

சடைச்சி பார்த்தாள். விரட்டாவிட்டால் மரம் பிழைக்காது. விரட்டிவிட்டால், வேறு மேய்ச்சல் இல்லாத அந்தக் கோடையில் ஆடுகள் திசைக்கொன்றாய்ப் போய்விடும்; அவளுக்கென்று பக்கத்தில் ஒரு உயிர் கிடையாது.

"இதுகளையும் தொலைச்சுட்டு யாருகூடப் பேச நான் வாயச் சரியாக்கணும்?" என்றாள்.

பொந்துக்குள்ளிருந்து ராணித் தேனீ எட்டிப் பார்த்தது. "ஒரு ஆட்ட வெரட்டணும்னா எங்காளுக நூறு பேரு கொட்டிட்டுச் சாகணும் தாயீ. அதுக்கு எங்க கொடுக்கையே கழத்தி மரத்துக்குக் குடுத்துரலாம்."

"அப்ப ஒங்களுக்கு?"

"மரம் பாத்துக்கிடும்."

தேனீக்கள் திமுதிமுவென்று வெளியே வந்தன. ஒவ்வொரு இலைக் காம்படியிலும் ரெண்டு ரெண்டாகக் கொடுக்கைக் கழற்றிச் செருகின. கொடுக்குகள் வெளுத்து, இறுகி, விரல் நீளம் வளர்ந்தன. கிடாய் ஒரு கடி கடித்துப் பின்வாங்கியது. அதற்குப் பிறகு உதட்டால் இலையை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொய்யப் பழகிக்கொண்டது. மரம் தன் காயங்களிலிருந்து பிசினைக் கசியவிட்டு, "வாசல்ல பூசிக்கோங்க. எறும்பு வந்தா ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்" என்றது.

நாற்பத்தெட்டாம் நாள் சடைச்சி கொப்புளித்துத் துப்பினாள். தண்ணீர் தெளிவாக விழுந்தது.

முதலில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே, கூட்டம் கிடை போட்டிருந்த இடத்துக்கு ஆடுகளை ஓட்டிப் போனாள். அங்கே காய்ந்த புழுக்கையும் அடுப்புச் சாம்பலும்தான் கிடந்தன. புல் தீர்ந்து அவர்கள் கிளம்பி எத்தனையோ நாளாகியிருந்தது. எந்தத் திசை என்று சொல்ல ஆளில்லை.

கஞ்சி வேளையில் எல்லாரும் உட்காரும் அடுப்புப் பக்கம் போனாள்.

"எல்லாரும் கஞ்சி குடிச்சாச்சா?" என்று கேட்டாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. "எனக்கு இப்பத் தேவலை" என்று சொல்லிக்கொண்டே ஆடுகளுக்குப் பின்னால் நடந்தாள்.

கருவேலத்துக்கு முள் வந்ததும், கொசுத்தேனீ கொட்டாமல் பிசின் பூசிய வாசலுக்குள் ஒடுங்கியதும், ஈறு வீங்கியவர்கள் அந்த ரெண்டு பேரையும் தேடிப் போவதும் அப்படித்தான். ஆளில்லாத பொட்டலில் ஒற்றையாய் ஆடு மேய்க்கிறவர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடக்கிறார்களே, அதுவும் அன்று முதல்தான்.