கடவு இல்லாத வேலி

சென்னியப்பருக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவான சாமிக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. ஆனாலும் ஆற்றங்கரை மடத்துக்கு வந்த நாள் முதல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் சாமியின் முன்னால் நிற்பார். கேட்பதும் ஒரே கேள்விதான்.

“எம் மனசு எப்பங்க சாமி ஆறும்?”

நாலு மாதமாகச் சாமி பதில் சொல்லவில்லை. ஒருநாள் காலையில், “கீரைப் பாத்தியை ஆடு மேஞ்சுட்டுப் போகுதுங்க. சுத்தியும் ஒரு வேலி அடைச்சுக் குடுங்க” என்றார்.

“மூங்கில் படலுங்களா, கிளுவையுங்களா?”

“உங்க கைக்கு எது பழக்கமோ அது.”

சென்னியப்பர் கிளுவைக் கழிகளை வெட்டி வந்தார். பச்சையாக ஊன்றினாலே வேர் பிடித்துத் தழைத்துவிடும் மரம் அது. சாணுக்கு ஒரு கழி, இடையில் வேலமுள். நாலு நாள் வேலை. ஓணான்கூட யோசித்துத்தான் நுழைய வேண்டும். கடைசிக் கழியை உள்ளே நின்றபடி இறுக்கிக் கட்டிவிட்டு மனுஷர் நிமிர்ந்தார்.

வெளியே சாமி மோர்ச் செம்போடு நின்றிருந்தார்.

“இதை எப்படிங்க உங்களுக்குக் குடுக்கறது?”

அப்போதுதான் சென்னியப்பருக்கு உறைத்தது. தன்னையே உள்ளே வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். வேறொருவராக இருந்தால் சிரித்திருக்கலாம்.

அந்தச் சீமையில் வேலி அடைப்பவர்கள் முதலில் ஊன்றுவது இரண்டாகக் கிளை பிரிந்த கவட்டை மரத்தைத்தான். மாடு நுழையாமல் ஆள் மட்டும் நுழைய அங்கே ஓர் இடைவெளி. அதற்குக் கடவு என்று பெயர். அண்ணன் தம்பி பாகம் பிரித்து, முகம் பார்க்காமல் போனாலும் நடுவேலியில் கடவு இருக்கும். அவசர ஆபத்துக்கு வேண்டுமே.

“கடவை மறந்துட்டீங்களா?”

“கை பழகிருச்சுங்க சாமி. முன்னயும் இப்படி ஒரு வேலி அடைச்ச கைங்க இது.”

சாமி செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஒத்தைப் பனைமரத்துக்குச் சண்டைங்க. தம்பி காட்டுக்கும் எங் காட்டுக்கும் நடுவால கடவே இல்லாம அடைச்சேன். பன்னெண்டு வருசம் பேச்சு இல்லீங்க. போன ஆடியில அவனைப் பாம்பு கடிச்சுது. அவன் சம்சாரம் கத்துனது எனக்குக் கேட்டுதுங்க. வேலிக்கு அந்தப் பக்கந்தான்.”

“ம்.”

“ரோட்டைச் சுத்தி ஓடுனேன். நான் போறதுக்குள்ள முடிஞ்சுதுங்க. அவன் கையெல்லாம் முள்ளுக் கிழிச்ச ரத்தம். எங்கிட்ட வர்றதுக்கு வேலியைப் பிக்கப் பாத்திருக்கறான் சாமி.”

சென்னியப்பர் அழுதார். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுத்தார். “இருங்க சாமி, வெட்டி ஒரு கடவு வெச்சர்றேன்.”

“அந்த வேலி இன்னும் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. ஆள் உசரத்துக்குத் தழைஞ்சு நிக்குது.”

“அந்தப் பக்கம் இப்ப ஆரு இருக்கறாங்க?”

“தம்பி சம்சாரம். ஒண்டியாத்தான் இருக்குதுங்க.”

சாமி செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்ப இங்க எதுக்குங்க வெட்டறீங்க?”