பாய்லருக்குக் கற்பூரம்

தேய்மானம் எழுதினால் லாபம் குறையுமென்று, சாயப்பட்டறை முதலாளி மாரண்ணன் துருப்பிடித்த பாய்லரின் ஆயுளை வருஷாவருஷம் கணக்கில் நீட்டிக்கொண்டே வந்தார்.

"புதுசு மாதிரி இருக்குதுன்னு ஆடிட்டரம்மாகிட்டச் சொல்லு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே," என்று பாய்லர்காரன் செங்கோடனை மிரட்டினார்.

செங்கோடனுக்கு வேலையும் வேண்டும், உயிரும் வேண்டும்.

ஆடிட்டரம்மா வந்தார். "புதுசு மாதிரிங்கம்மா," என்றான் செங்கோடன். "முழு பிரஷர்ல ஓட்டிக் காட்டறனுங்க. இன்னைக்கு அமாவாசை. வழக்கம்போல முதலாளி பாய்லருக்குப் பக்கத்துல வந்து கற்பூரம் காட்டட்டுங்க."

பிரஷர் முள் ஏற ஏற பாய்லர் முனகியது. கற்பூரத் தட்டோடு பின்வாங்கிய முதலாளி, கேட்டுக்கு வெளியே போய்த்தான் கற்பூரம் காட்டினார்.

அங்கே அவருக்கு முன்பே ஆடிட்டரம்மா நின்றிருந்தார். "மிச்சத் தேய்மானத்தை இந்த வருஷமே எழுதுங்க. அதுக்கு முன்னால, தீயை அணைச்சிட்டு அந்த ஆளை வெளிய வரச் சொல்லுங்க."