கடல் பார்க்கிற வரைக்கும்

“அம்மா, இந்த வருஷம் நான் எதை விடட்டும்?”

வந்ததும் வராததுமாகச் சொர்ணத்தாய் இதைத்தான் கேட்டாள்.

மறுநாள் வருஷப் பிறப்பு. ஆற்றங்கரை மடத்தின் முற்றத்தில் நாச்சியாரம்மை அரிவாள்மனையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தம்ளர் காபி.

அம்மை சொர்ணத்தாயைவிட இளையவர். தங்கையாக இருக்கும் வயது. ஊருக்கெல்லாம் அவர் குரு, சொர்ணத்தாய்க்கும் குருதான். ஆனாலும் அவர் அவளை அக்கா என்றே கூப்பிடுவார்.

“எதுக்குக்கா விடணும்?”

“வர்ற வருஷத்துக்கு ஒரு சந்தோஷம் வேணும்மா. சும்மா கிடைக்குமா?”

அந்தப் பக்கத்தில் இது வழக்கம். ஒன்று நடக்க வேண்டுமென்றால், பிடித்த ஒன்றைச் சாமி பேரைச் சொல்லி விட்டுவிட வேண்டும். நினைத்தது நடந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மகன் பாஸாக வேண்டும் என்று வெற்றிலையை விட்டவர்கள் உண்டு. மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று தயிரை விட்டவர்கள் உண்டு.

சொர்ணத்தாய் விட்டதெல்லாம் வெளியூர்களைப் போய்ப் பார்க்க.

அது அவளுக்கும் அவள் தங்கை வள்ளிமயிலுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள் பக்தி மிகுந்தவள்.

அம்மை ஒரு மாங்காய்த் துண்டை எடுத்தார். உப்பையும் மிளகாய்ப் பொடியையும் தொட்டு நீட்டினார்.

“மாங்காய் விட்டாச்சும்மா.”

“எதுக்கு?”

“கடலுக்கு. திருச்செந்தூர் முருகா, நானும் என் தங்கச்சியும் முழங்கால் தண்ணியில நிக்கிற வரைக்கும் மாங்காய், மாம்பழம் எதையும் தொட மாட்டேன்னு. அப்ப என் மூத்தவன் கைக்குழந்தை.”

“நின்னீங்களா?”

“எங்கே? அந்த வருஷம் மாமியார் கிணத்தடியில வழுக்கி விழுந்தாக. மறுவருஷம் பசு கன்னு போட்டுச்சு.”

“பசுவுமா உங்களுக்கு எதிரி?”

சொர்ணத்தாய் சிரிக்கவில்லை.

அம்மை காபித் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப இதைக் குடிங்க. நான் இன்னும் வாய் வைக்கலை.”

“அதுவும் விட்டாச்சு. குற்றாலத்துக்கு.”

“தலையில ஒரு பூக்கூட இல்லையே?”

“மதுரைத் தெப்பத்துக்கு.”

“ரேடியோவுல பாட்டுக் கேப்பீங்களே?”

“அது கொடைக்கானலுக்கு. அங்கே எந்தச் சாமின்னு தெரியலை. குறிஞ்சி ஆண்டவர்னு யாரோ சொன்னாக. அவருக்கே நேர்ந்துக்கிட்டேன்.”

“ஒண்ணுக்காவது போனீங்களா?”

“அடுத்த வருஷம் போகலாம்னு வீட்டுல சொல்லுவாக. ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாக.”

தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சங்கரலிங்கம் குடத்தைக் கீழே வைத்தார். மடத்தின் மூத்த சீடர். காதில் விழுவதெல்லாம் அவருக்கு உபதேசம்.

“கேட்டீகளா அம்மா! சன்னியாசிக்கும் இந்த வைராக்கியம் வராது. நான் இந்த மூக்குப்பொடியை விட முடியாமத் தவிக்கேன்.”

“நீங்க பொடி போடுங்க அண்ணாச்சி,” என்றார் அம்மை. “மடத்துல ஒரு மூக்காவது சுகமா இருக்கட்டும்.”

பிறகு சொர்ணத்தாயிடம் திரும்பினார்.

“கடல் பார்க்க எதுக்குக்கா சாமி?”

“சாமி பேரைச் சொல்லாம எங்க வீட்டுப் பொம்பளை வாசலைத் தாண்ட முடியுமா? கடல் பார்க்கணும்னு சொன்னா, கிறுக்கான்னு கேப்பாக. நேர்த்திக்கடன்னு சொன்னா வாயைத் திறக்க மாட்டாக.”

“கூட்டிட்டும் போக மாட்டாக.”

“அது என் தலையெழுத்து.”

அம்மை மாங்காயை நறுக்கினார்.

“இந்த வருஷத்துக்கு என்ன சந்தோஷம் வேணும்?”

சொர்ணத்தாய் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“வள்ளிமயிலுக்கு வயித்துல கட்டி. இனிமே வீட்டுலயே வெச்சுப் பார்த்துக்கோங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக. அவ தேறணும். தேறி, ஆடி அமாவாசைக்கு நானும் அவளும் கடலுக்குப் போகணும். அதான் இந்த வருஷத்துக்கு.”

அம்மையின் கை நின்றது.

வள்ளிமயிலின் வீடு அக்கரையில். மடத்து முற்றத்திலிருந்து பார்த்தால் அதன் ஓடு தெரியும். பங்குனியில் ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான்.

“அவ என்ன கேக்குறா?”

“அவளுக்கென்ன, இன்னும் சின்னப்பிள்ளை மாதிரி. வருஷப் பிறப்புக்கு வாக்கா, ஒரே கிண்ணத்துல மாங்காய்ப் பச்சடி சாப்பிடுவோம்னு சொல்லி விட்டிருக்கா. நான் மாங்காய் தொடலாமா? இந்த நேரத்துல நேர்த்தியை முறிச்சா, சாமி என்னையா கேக்கும்? அவளையில்ல கேக்கும்?”

“சரி. விடுறதுக்கு உங்ககிட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு?”

“அதைத்தான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பிடிச்சதுன்னு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்.”

“என்ன?”

“வெள்ளிக்கிழமை ஆத்தைத் தாண்டி அவ வீட்டுக்குப் போவேன். தலையில பேன் பார்த்துக்கிட்டே ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்போம். என் மாமியாரைப் பத்தி அவ ஒரு மாதிரி நடிச்சுக் காட்டுவா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்.” அவள் முந்தானை நுனியை விரலிலிருந்து அவிழ்த்தாள். “அதை விட்டுடுறேன். அவ எந்திரிச்சு நடந்து வர்ற வரைக்கும் அவளைப் போய்ப் பார்க்க மாட்டேன்.”

சங்கரலிங்கம் கை கூப்பினார்.

“தாயே,” என்றார்.

அம்மை அக்கரை ஓட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அப்ப வள்ளிமயில் எதை விடுறது?”

சொர்ணத்தாய்க்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. படுக்கையில் கிடப்பவளிடம் விட என்ன இருக்கிறது?

“அவ எதையும் விட வேண்டாம். எல்லாத்தையும் நானே விடுறேன்.”

அம்மை மறுபடியும் அதே மாங்காய்த் துண்டை நீட்டினார்.

சொர்ணத்தாய் தீயைக் கண்டதுபோலப் பின்வாங்கினாள். தூர நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

துண்டு அம்மையின் கையிலேயே இருந்தது. அந்த வருஷப் பிறப்புக்கு மடத்தில் பச்சடி செய்யவில்லை.

*

வெள்ளிக்கிழமைகளில் சொர்ணத்தாய் ஆற்றின் இக்கரையில் வந்து நிற்பாள். அக்கரை ஓட்டைப் பார்ப்பாள். வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

வள்ளிமயிலின் கணவன் சந்தைக்கு வரும்போது அவனிடம் சொல்லி அனுப்புவாள்.

“கடற்கரையில சிப்பி பொறுக்கலாம்னு சொல்லுங்க. சுக்குக் கருப்பட்டி வாங்கலாம்னு சொல்லுங்க. அலை வந்தா என் கையைப் பிடிச்சுக்கிடச் சொல்லுங்க. ஆடி வந்துரும், தைரியமா இருக்கச் சொல்லுங்க.”

அவன் பதில் கொண்டு வருவான். எப்போதும் ஒரே பதில்.

“கடல் எங்கேயும் போகாது. நீ வாக்கா.”

*

ஆடி அமாவாசை கழிந்து சொர்ணத்தாய் மடத்துக்கு வந்தாள்.

ஆறு கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாரலில் அக்கரை தெரியவில்லை.

தாழ்வாரத்தில் அம்மை காபி குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தம்ளரைக் கீழே வைத்தார்.

“உட்காருங்கக்கா.”

இனி அவளை அக்கா என்று கூப்பிட இவர் ஒருவர்தான். சொர்ணத்தாய் உட்காரவில்லை.

“கடல் பார்த்துட்டேன்,” என்றாள்.

அம்மை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆனிக் கடைசியில அவ போயிட்டா. தூக்கிட்டுப் போகும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கன்னமெல்லாம் ஒட்டி, யாரோ மாதிரி இருந்தா. சாம்பலைக் கரைக்க அமாவாசைக்குத் திருச்செந்தூர் போனாக. நானும் போனேன். முழங்கால் தண்ணியிலதான் நின்னேன்.”

சங்கரலிங்கம் குடத்தோடு வந்து நின்றார்.

“பொம்பளைகளையும் கூட்டிட்டா போனாக?”

“வேண்டாம்னுதான் சொன்னாக. வேன்ல ஏறி உட்கார்ந்துட்டேன்.”

“உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?”

“இறங்குன்னு சொன்னாரு. இறங்கலை.”

“மாமியார்?”

“சோறு யார் பொங்குவான்னு கேட்டாக. நான் பேசலை. டிரைவர் வண்டியை எடுத்துட்டான்.”

“அவ்வளவுதானா?” என்று கேட்டார் அம்மை.

“அவ்வளவுதான்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. வேனில் ஏறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

சொர்ணத்தாய் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

மழை ஓட்டிலிருந்து சொட்டியது.

“வருஷப் பிறப்புக்கு அவ எனக்குன்னு பச்சடி எடுத்து வெச்சிருக்கா,” என்றாள் பிறகு. “யாரையும் தொட விடலையாம். அக்கா வருவா, அக்கா வருவான்னு மூடியே வெச்சிருக்கா. பூஞ்சை பிடிச்ச பிறகு, அவளுக்குத் தெரியாம எடுத்துக் கொட்டினாகளாம்.”

அவள் தலையை நிமிர்த்தினாள்.

“நீங்க ஏம்மா என்னைத் தடுக்கலை? குருன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“மாங்காய் நீட்டினேன்.”

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்!”

“சொல்லியிருக்கலாம்,” என்றார் அம்மை. கொஞ்சம் பொறுத்து, “அது எனக்கு இன்னும் தொண்டையிலயே நிக்குதுக்கா,” என்றார்.

சங்கரலிங்கத்தால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் நல்ல மனிதர். ஆறுதல் சொல்ல நினைத்தார்.

“அழாதீகம்மா. போனவ புண்ணியவதி. நீங்களும் சொன்ன சொல் தவறலை. கடல் பார்த்தாச்சு, நேர்த்தி தீர்ந்துபோச்சு. இனிமே நீங்க தாராளமா மாங்காய் சாப்பிடலாம்.”

“மாங்காய்க் காலம் முடிஞ்சுபோச்சு,” என்றாள் சொர்ணத்தாய்.

“அதனால என்ன? அடுத்த வருஷம்...”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் வாய் தானாக மூடிக்கொண்டது.

சொர்ணத்தாய் கையை நீட்டி, அம்மையின் முன்னால் இருந்த தம்ளரை எடுத்தாள்.

“அய்யய்யோ, அது அம்மா குடிச்ச எச்சில்!” என்று பதறினார் சங்கரலிங்கம்.

“ஆறிப்போச்சுக்கா,” என்றார் அம்மை. “சூடா வேற போட்டுத் தாரேன். கொஞ்சம் இருங்க.”

“இருக்க முடியாது.”

தம்ளரை வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். காபி ஆடை படிந்து, கசந்து கிடந்தது.

சங்கரலிங்கத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“காபியைக் குற்றாலத்துக்குல்ல விட்டிருந்தீக?”

“ஆமா.”

“குற்றாலம் பார்த்தாச்சா?”

“இல்லை,” என்றாள் சொர்ணத்தாய். மிச்சத்தையும் குடித்தாள்.