வாசலில் நிற்கும் வாக்கியம்

"மதாம், இந்த 'கி', 'கெ', 'தோன்' மூணும் சேர்ந்து என் உயிரை வாங்குது" என்றார் சிவக்கொழுந்து.

செலின் மதாம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வாங்கினா வாங்கட்டும். நீங்க வாக்கியத்தைச் சொல்லுங்க."

முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள் அவள். வயது முப்பதுகூட இல்லை. சிவக்கொழுந்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. பந்தல் கடை முதலாளி. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் கடையிலிருந்துதான் நாற்காலி போகும். அப்பேர்ப்பட்ட மனுஷன், மகள் வயசுப் பெண் முன்னால் கை பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

உயிரை வாங்கிய அந்த மூன்றும் சின்னச் சொற்கள்தான். வெறும் கொக்கிகள். பிரெஞ்சுக்காரன் முதலில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவான். அப்புறம் கொக்கியைப் போட்டு, அவர் இன்னது செய்தவர், இன்னாரைச் சேர்ந்தவர் என்று கதையை அதில் மாட்டுவான்.

நம்மவருக்கு இது தலைகீழ். கதை முழுக்கச் சொல்லி முடித்துத்தான் ஆளை வரவழைப்பார். தமிழில் நாமெல்லாம் பேசுவது அப்படித்தானே! அதையே பிரெஞ்சிலும் செய்தால் கேட்கிறவன் பாடு திண்டாட்டம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரெஞ்சில் ஆரம்பித்தார். "எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு, தூலோன்ல குடும்பம் நடத்தி, இப்ப அவரு அஸ்தியை எடுத்துக்கிட்டு வர்ற..."

மூச்சு வாங்கினார்.

"யாரு?" என்றாள் செலின்.

"அதான், அந்தம்மா."

"எந்தம்மா?"

"எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு, தூலோன்ல..."

"மறுபடியும் முதல்லேர்ந்தா?"

வகுப்பே சிரித்தது. சிவக்கொழுந்து சிரிக்கவில்லை. அவர் கவலை அவருக்கு.

அண்ணன் கலியபெருமாள் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர். அங்கேயே பிரிஜித் என்ற வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு தூலோன் நகரத்தில் தங்கிவிட்டார். போன மழைக்காலத்தில் தவறிப்போனார். தூலோனில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்னார்: "உன் அண்ணன் பெண்டாட்டி அஸ்தியோட புதுச்சேரிக்கு வர்றா. ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு, மறுநாள் படகு பிடிச்சுத் தனியாவே கடல்ல கரைக்கப்போறாளாம்."

கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தனியாகவா! சிவக்கொழுந்துக்கு மனசு ஆறவில்லை. அண்ணனைத் தன் கையால் கடலில் விடவேண்டும். வேறெதுவும் வேண்டாம். அதை அவளிடம் கேட்கவேண்டும். அவளுக்கோ தமிழ் தெரியாது.

"நான் வேணா வந்து கேட்டுச் சொல்லட்டுமா?" என்று செலின் முதல் நாளே கேட்டாள்.

"வேணாம் மதாம். என் வாயாலதான் கேக்கணும்."

அதற்காகத்தான் இந்தப் பாடு.

செலின் டஸ்டரை வைத்துவிட்டு வந்தாள். "ஐயா, கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தார். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அறை நடுவில் போட்டாள். யாரையும் அதில் உட்காரவிடவில்லை.

"இப்ப சொல்லுங்க."

"நின்னுக்கிட்டேவா?"

"ஆமா. உங்க வாக்கியத்துல ஆள் வர்ற வரைக்கும்."

அவர் சொன்னார். ஆள் வரவில்லை. திரும்பச் சொன்னார். அண்ணன் வந்தார், தூலோன் வந்தது, பட்டாளம்கூட வந்தது. அந்தம்மா வந்தபாடில்லை.

"முட்டி வலிக்குது மதாம்."

"உங்க வாக்கியத்துக்கு வெளியே ஒருத்தங்க இவ்வளவு நேரமா நிக்கிறாங்களே. அவங்களுக்கு வலிக்காதா?"

"நல்லா இருக்கு கதை! வாக்கியத்துக்கு வெளியே நிக்கிறவங்களுக்கு முட்டி ஏது?"

வகுப்பு மறுபடி சிரித்தது. செலின் முகம் மாறவில்லை.

"அவங்க இதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு வந்திருக்காங்களா?"

"வந்திருக்கு. ஒரே ஒரு தடவை. கல்யாணம் முடிஞ்ச புதுசுல."

"எங்க உக்காந்தாங்க?"

சிவக்கொழுந்து நடுவில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

அப்பா நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. வெளியே கொளுத்தும் வெயில். அண்ணனும் அவளும் தெருவிலேயே நின்றார்கள். உள்ளே கூரை முட்டக் கடை நாற்காலி அடுக்கியிருந்தது. அந்த அடுக்கில் சாய்ந்துகொண்டுதான் இவர் வேடிக்கை பார்த்தார். அப்பாவிடம் பயம், சரி. ஒரு நாற்காலியை எடுத்து வெளியே போட்டிருந்தால் அப்பா என்ன தலையையா வாங்கியிருப்பார்? இவர் அசையவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இன்னிக்கு இவ்வளவுதான்" என்றாள் செலின்.

"என்ன மதாம், நாளைக்கு ஞாயித்துக்கிழமை! 'கி' எங்க போடணும், 'தோன்' எங்க போடணும்னு சொல்லவே இல்லையே?"

"முதல்ல ஆள் வரட்டும். அதுங்க பின்னாடியே வரும்."

என்ன டீச்சரோ இவள் என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். ராத்திரி முழுக்கப் பழைய வாக்கியத்தையே உருப்போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியபிறகு ஆட்டோ வந்து நின்றது. நரைத்த தலை. வெளுத்த பருத்திச் சட்டை. துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு பிரிஜித் இறங்கினாள். கதவருகே வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்தக் கதவு அவளுக்கு மறந்திருக்காது.

சிவக்கொழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். உருப்போட்ட பிரெஞ்சை எடுத்துவிட்டார். "அண்ணனைக் கட்டிக்கிட்டு..."

ஆள் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பை கனத்தது போலிருக்கிறது, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். உச்சி வெயில் அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

ஐயையோ, அதே இடம்!

சட்டென்று திரும்பி வீட்டுக்குள் ஓடினார்.

அவள் என்ன நினைத்தாளோ. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆட்டோவைப் பார்த்துத் திரும்பினாள்.

உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம். கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் ஜோடி நாற்காலிகளில் ஒன்று, சிவப்பு மெத்தையும் தங்கப் பூச்சுமாக. தூக்க இரண்டு ஆள் வேண்டும். வேட்டி தடுக்க, மேல்மூச்சு வாங்க, ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தார். கூடத்து நடுவில் போட்டார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். ஓடிவந்து கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

"அண்ணி" என்றார். "உள்ள வாங்க. உக்காருங்க."

எல்லாம் தமிழ்தான். பிரெஞ்சு ஒரு சொல்கூட இல்லை.

அவள் நின்ற இடத்திலிருந்தே அந்த நாற்காலியைப் பார்த்தாள். உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வெறும் தரையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

அவருக்குப் புரிந்தது. மறுபடி உள்ளே ஓடினார். ஜோடி நாற்காலியை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டார். அதையும் துடைத்தார்.

பையிலிருந்து அஸ்திக் கலயத்தை எடுத்து அவள் அந்த நாற்காலியில் வைத்தாள்.

சிவக்கொழுந்து அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் குனிந்து அவர் கையைப் பிடித்தாள். எடுத்துக் கலயத்தின் மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை வகுப்பு பாதி நடந்துகொண்டிருக்கும்போது வந்தார். வேட்டி ஈரம். காலெல்லாம் கடல் மணல். நகக்கண்ணில் சாம்பல் போகவில்லை.

"வாக்கியத்தைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் செலின்.

"எங்க சொல்ல விட்டாங்க!"

"யாரு?"

"அண்ணி."

செலின் அறை நடுவில் கிடந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க ஐயா. இப்ப 'தோன்' பார்க்கலாம்."